இணைய லைன் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்: வீட்டிலேயே அளந்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டிலும் பக்கத்துத் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) யாராவது "தம்பி, கொஞ்சம் வந்து லைனைப் பாருங்க" என்று கூப்பிட்டால் போய்ப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கூப்பிடுபவர்களில் பலர் ஏற்கெனவே வினாடிக்கு 100 மெகாபிட் இணைய லைனிலிருந்து 300-க்கோ 500-க்கோ மாறியவர்கள். மாதாமாதம் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) போகிறது, பின் அறையில் போன் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் தடங்கல் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது, ரூட்டருக்கும் போனுக்கும் நடுவில். வாசல்வரை வரும் வேகத்தைக் கூட்டினால் அது சரியாகாது. ஆனால் இதை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், நான் உட்பட. கீழே உள்ள வரிசைப்படி அளந்து பாருங்கள். வரிசை முக்கியம். ஒரு படியின் விடை இல்லாமல் அடுத்த படியின் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேபிள் செருகும் இடமுள்ள ஒரு மடிக்கணினி. இப்போதைய மெலிந்த மடிக்கணினிகளில் அந்த ஓட்டை இருப்பதில்லை, அதனால் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வேண்டும். வாங்கும்போது கிகாபிட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100-ஐத் தாண்டாத மலிவான அடாப்டர்களும் அதே அலமாரியில்தான் தொங்கும்.

கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் ஒன்று, இரண்டு மூன்று மீட்டர் போதும். கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கே போக வேண்டும் என்றில்லை, தாமானில் இருக்கும் கணினிக் கடையிலேயே கிடைக்கும்.

அப்புறம் கடைசி மாத பில், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டின் படம், ஒரு தாள், ஒரு பேனா. தாளை விட்டுவிடாதீர்கள். மூன்று நாள் கழித்து "அன்றைக்கு எவ்வளவு வந்தது" என்று யோசித்தால் எவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

## 2. பில்லை முதலில் படியுங்கள்

தாளின் மேலே மூன்று விவரங்களை எழுதுங்கள்: இறங்கும் வேகம் (டவுன்லோட்), ஏறும் வேகம் (அப்லோட்), ஒப்பந்தம் முடியும் தேதி.

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது இறங்கும் வேகம். சில திட்டங்களில் ஏறும் வேகம் அதில் பாதிக்கும் குறைவு. வீட்டில் சிசிடிவி இருந்தாலோ, யாராவது வீடியோ அழைப்பில் வேலை பார்த்தாலோ அந்தச் சின்ன எண்தான் உங்களைக் கட்டிப்போடும்.

தேதி எதற்கு? இங்கே 24 மாத ஒப்பந்தம் சாதாரணம். நடுவில் வெளியேறினால் அபராதம் வரலாம். வேகத்தை மாற்றினால் 24 மாதமும் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அளந்து முடித்த பிறகு இது தெரிய வந்தால் எரிச்சல்தான் மிச்சம்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பில்லில் இருப்பது மெகாபிட். கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 மெகாபைட். எனவே 100 லைனில் வினாடிக்கு 12.5 மெகாபைட் வந்தால் அது முழு வேகம். "100 கட்டுறேன், 12தான் வருது, ஏமாத்துறாங்க" என்று கொதித்த ஓர் அண்ணனுக்கு ஒரு கோப்பி குடித்து முடிக்கும்வரை இதை விளக்கியிருக்கிறேன். இனி வெறும் எண்ணாகச் சொன்னால் மெகாபிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. இரவு 9 மணிக்கு வீட்டில் என்ன ஓடுகிறது என்று கூட்டுங்கள்

எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஓடுபவற்றை மட்டும் கூட்ட வேண்டும். வீட்டில் எத்தனை போன் இருக்கிறது என்று எண்ணுவது தவறு. மேசைமேல் சும்மா கிடக்கும் போன் கிட்டத்தட்ட எதையும் இழுப்பதில்லை.

நெட்ஃபிளிக்ஸ் தானே பரிந்துரைக்கும் அளவு: முழு எச்டி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15. ஜூமில் நல்ல தரமான குழு அழைப்புக்கு 3 முதல் 4, அதுவும் இரு திசையிலும். ஆன்லைன் விளையாட்டு ஆடும்போது 1 கூடத் தேவைப்படாது. மேகத்தில் (கிளவுடில்) சேமிக்கும் சிசிடிவி கேமரா ஒவ்வொன்றும், படத்தின் தரத்தைப் பொறுத்து, 1 முதல் 4 வரை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

ஓர் உதாரண வீடு: ஹாலில் அப்பா அம்மா 4கே படம், 15. மகள் ஜூமில் டியூஷன், 4. மகன் விளையாட்டு, 1. பாட்டி யூடியூபில் சீரியல், 5. இன்னும் இரண்டு போனில் வீடியோ, தலைக்கு 5. மொத்தம் 35. கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று இரட்டிப்பாக்கினாலும் 70. ஏழு பேர் வீட்டுக்கே இவ்வளவுதான்.

பெரிய கோப்பு இறக்குவது மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. 60 கிகாபைட் விளையாட்டு ஒன்றை இறக்க 100 லைனில் 80 நிமிடம் ஆகும், 500 லைனில் 16 நிமிடம். வாரம் ஒருமுறை இப்படி இறக்குபவருக்கு வேகமான லைன் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும். வருடத்துக்கு இரண்டு முறை என்றால் இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

## 4. கம்பியில் அளந்து பாருங்கள்

முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். படுக்கையில் படுத்துக்கொண்டு போனில் ஸ்பீட்டெஸ்ட் போட்டு, வந்த எண்ணைப் படம் பிடித்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அது நிறுவனம் தரும் வேகம் இல்லை. நான்கு சுவர் தாண்டி வந்த வைஃபையின் வேகம்.

மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். கேபிளின் ஒரு முனையை ரூட்டரிலும் மறுமுனையைக் கணினியிலும் செருகுங்கள். வைஃபையை அணைக்க மறந்தால் எந்த வழியாக அளந்தோம் என்றே தெரியாமல் போகும். வீட்டில் மற்றவர்களை ஐந்து நிமிடம் எதையும் ஓட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். (சீரியல் நேரத்தில் கேட்காதீர்கள்.)

ஸ்பீட்டெஸ்டில் மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை, இரண்டு நாள். ஸ்பீட்டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சர்வரை, பல நேரம் உங்கள் நிறுவனத்தின் சொந்த சர்வரையே. அதோடு சிங்கப்பூர் சர்வர் ஒன்றையும் கையால் தேர்ந்தெடுத்து அளந்தால் வெளியே போகும் வழியும் தெரியும். ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்து அளப்பது, படம் பார்க்கிறவர்களுக்கு அதுவும் உதவும்.

கட்டும் வேகத்துக்குப் பக்கத்தில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. அடுத்த படிக்குப் போகலாம்.

காலையில் சரி, இரவில் மட்டும் பாதியாகக் குறைகிறது என்றால் நெரிசல் வெளியே. திட்டத்தின் வேகத்தைக் கூட்டினால் இது தீருமென்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தாளில் உள்ள எண்களை வைத்துப் புகார் செய்ய வேண்டும்.

300 அல்லது 500 கட்டியும் எண் 94, 95-லேயே நிற்கிறதா? இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். 100-க்கு மேல் போக முடியாத ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது என்று அது சொல்கிறது. பழைய அடாப்டராக இருக்கலாம், பழைய ரூட்டராக இருக்கலாம். பெரும்பாலும் கேபிள்தான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 1000 வேகத்துக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். 100-க்குத் தேவைப்படாத மற்ற நான்கில் ஒன்று முறிந்தாலும் சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு அறுந்துபோவதில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் இணைப்பு வேகம் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வீட்டில் ஃபைபர் பெட்டிக்கும் (வெளியிலிருந்து வரும் ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டி) ரூட்டருக்கும் நடுவில் இருந்த அரை மீட்டர் கேபிளே இப்படிப் பழுதாகிக் கிடந்தது. எத்தனையோ மாதம் 500-க்குக் கட்டி 94 வாங்கியிருக்கிறார்கள். கேபிளை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

## 5. இப்போது வைஃபை, அறை அறையாக

கேபிளைக் கழற்றுங்கள். அதே மடிக்கணினியில் ரூட்டருக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் ஓர் அளவு. அப்புறம் ஹால், ஒவ்வொரு அறை, சமையலறை. கருவியை மாற்றாதீர்கள். ஹாலில் புதுப் போனிலும் அறையில் பழைய போனிலும் அளந்தால், அறையைப் பற்றித் தெரியாது, போனைப் பற்றித்தான் தெரியும்.

கம்பியில் 300, ரூட்டர் பக்கத்தில் 280, பின் அறையில் 12. இப்படி ஒரு தாள் கையில் இருந்தால் பேச்சு முடிந்தது. 500-க்கு மாறினாலும் பின் அறையில் அதே 12தான்.

## 6. ரூட்டரை முதலில் நகர்த்துங்கள், பணத்தை அப்புறம் நகர்த்தலாம்

நம் ஊர் லிங்க் ஹவுஸ் (ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் வீடு) அகலம் குறைவு, நீளம் அதிகம். 20 அடிக்கு 70 அடி மனை சர்வசாதாரணம். ஃபைபர் முன் வாசல் பக்கமாக நுழைவதால் ஆள் வந்து ரூட்டரை ஹாலிலேயே டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சமையலறையும் பின் அறையும் 50, 60 அடி தள்ளி. நடுவில் செங்கல் சுவர்கள். மாடி என்றால் கான்கிரீட் தளம் வேறு.

இடம் சரியா என்று பார்க்க ஒரே கேள்வி: ரூட்டர் திறந்தவெளியில், இடுப்புக்கு மேலே, வீட்டின் நடுப்பகுதியில் இருக்கிறதா? டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், எல்லாம் பார்த்திருக்கிறேன். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். ஒரு வீட்டில் சாமி மேடைக்குப் பின்னால் இருந்தது. கேட்டால் "அங்கதான் தம்பி பிளக் இருக்கு" என்றார் அம்மா. எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று போட்டு எதிர்ச் சுவருக்கு மாற்றினோம்.

நகர்த்தும்போது ஒரு எச்சரிக்கை. சுவரிலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் கம்பியை இழுக்கவோ மடிக்கவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்து லைன் விட்டு விட்டு வரும். ஃபைபர் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து சாதாரண கேபிளை வீட்டின் நடுவரை இழுத்து ரூட்டரை மட்டும் நகர்த்துங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும், எந்த வீட்டுக்கும் அது போதும்.

அடுத்து அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரில் சீக்கிரம் களைத்துப்போகும். பிளாட்டில் இருப்பவர்களுக்கு 2.4 இன்னும் மோசம். ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாரும் நெருக்குவார்கள், போதாததற்கு மைக்ரோவேவும் புளூடூத்தும் அதே இடத்தில். எனவே டிவி, மடிக்கணினி, போன் எல்லாவற்றையும் முடிந்தவரை 5-க்கு மாற்றுங்கள்.

அதற்காக 2.4-ஐ அடியோடு அணைத்துவிடாதீர்கள். விலை குறைந்த கேமராக்களும் ஸ்மார்ட் பிளக்குகளும் 2.4 மட்டுமே அறிந்தவை. நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் அணைத்துவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் காலை "தம்பி, கேமரா எல்லாம் செத்துப்போச்சு" என்று அழைப்பு வந்தது.

நகராத சாதனங்களுக்குக் கேபிளே நல்லது. டிவி, விளையாட்டுப் பெட்டி, மேசைக் கணினி இவற்றைக் கேபிளில் மாட்டினால் அவற்றுக்கும் நல்லது, வைஃபையில் கூட்டம் குறைவதால் போன்களுக்கும் நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் பின் அறையில் சிக்னல் வராவிட்டால் மட்டும் மெஷ் (ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் இரண்டு மூன்று பெட்டிகள்) வாங்குங்கள். வாங்கியவர்கள் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத அறைக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே அதற்கே சிக்னல் கிடைக்காது, எதை வாங்கி எதைக் கொடுக்கும்? நடுவழியில் வைக்க வேண்டும். இரண்டு பெட்டியையும் கேபிளால் இணைக்க முடிந்தால் இணைத்துவிடுங்கள். கேபிள் இல்லாத சாதாரண மெஷ் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பிக் கொடுக்கிறது, அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து, எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்றால் எது சரியாக்கியது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி கெடும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

## 7. வேகம் இருக்கிறது, ஆனாலும் இழுக்கிறது என்றால்

ஜூமில் குரல் வெட்டி வெட்டி வருகிறது, விளையாட்டில் பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் துப்பாக்கி சுடுகிறது. ஸ்பீட்டெஸ்டோ 280 காட்டுகிறது. இங்கே பார்க்க வேண்டியது தாமதத்தை.

கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ping -t 8.8.8.8 என்று தட்டி பிங் கட்டளையை ஓடவிடுங்கள், அந்த முகவரிக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அது காட்டும். முதலில் யாரும் எதுவும் செய்யாதபோது. பிறகு ஒரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டே பாருங்கள். 8 மில்லிவினாடி 200, 300 என்று எகிறினால் ஏறும் பாதை அடைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். படங்களை மேகத்துக்கு ஏற்றும் போன்களும் கேமராக்களும்தான் வழக்கமான காரணம்.

படம் ஏற்றுவதை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள். கேமராவின் தரத்தை ஒரு படி குறையுங்கள். ரூட்டரில் கியூஓஎஸ் வசதி (எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பது) இருந்தால் ஏறும் வேகத்தை, அளந்ததில் 85 அல்லது 90 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்துங்கள். வேகத்தைக் குறைத்தால் எப்படி நன்றாகும் என்று கேட்பார்கள். வரிசை நிறுவனத்தின் பெட்டியில் நீளாமல் உங்கள் ரூட்டரிலேயே நிற்கும், அங்கே யாரை முதலில் விடுவது என்று ரூட்டர் முடிவுசெய்யும்.

தூரத்துக்கு மட்டும் மருந்து இல்லை. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் 300 கிலோமீட்டர் சொச்சம், போய்வர 3 மில்லிவினாடிக்குக் குறையாது. சென்னை ஏறக்குறைய 2600 கிலோமீட்டர், எவ்வளவு நேர்க்கோட்டில் போனாலும் 26. 100 கட்டினாலும் 1000 கட்டினாலும் இது மாறாது. மகன் இந்திய சர்வரில் விளையாடிவிட்டு லைனைத் திட்டினால் சர்வரை சிங்கப்பூருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

## 8. இப்போது முடிவெடுங்கள்

தாளை எடுத்து வையுங்கள். இரவு 9 மணிக் கூட்டுத்தொகை, கம்பியில் வந்த எண்ணின் முக்கால்வாசியைத் தாண்டுகிறதா? ஏறும் வேகம் கேமராவுக்கும் ஜூமுக்கும் சேர்த்துப் போதவில்லையா? பெரிய கோப்புகளை இறக்குவதும் ஏற்றுவதும் யாருடைய பிழைப்பாவது ஆகுமா? இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் கூட்டுங்கள், தயங்க வேண்டாம். திருமண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவருக்கு நானே 1000-க்குப் போகச் சொன்னேன், ஏறும் வேகத்துக்காகவே.

இல்லையென்றால் இருப்பதே போதும். 500 வைத்திருப்பவர்கள் குறைப்பதைப் பற்றியும் யோசிக்கலாம். அதை மட்டும் எந்த விற்பனையாளரும் நினைவூட்டுவதில்லை.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேகத்தைக் கேட்காமல் விலையைக் கேளுங்கள்: "நான் கட்டும் இதே விலைக்கு இப்போது என்ன திட்டம் இருக்கிறது?" பழைய திட்டத்தில் வருடக்கணக்காக இருப்பவர்கள், புதிதாகச் சேர்பவரைவிட அதிகம் கட்டிக் குறைந்த வேகம் வாங்குவது உண்டு. ஒன்றும் செலவில்லாமல் கிடைக்கும் உயர்வை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

நிறுவனத்தை மாற்றுபவர்களுக்கு ஒன்று. யூனிஃபை, டைம், மெக்சிஸ் எல்லாம் எல்லாக் கட்டடத்திலும் கிடைக்காது. காண்டோ என்றால் எந்தக் கம்பி ஏறியிருக்கிறது என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். பெயர் மாறினாலும் வாசலுக்கு வரும் ஃபைபர் அதேயாக இருக்கலாம், ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் கம்பியை இன்னொன்று வாடகைக்கு எடுப்பது இங்கே வழக்கம். கம்பியில்தான் கோளாறு என்றால் மாறியும் பயன் இருக்காது.

## 9. புகாரும், மாறிய பிறகு செய்ய வேண்டியதும்

கம்பியில் அளந்தும் கட்டும் வேகம் வரவில்லை என்றால் முதலில் நிறுவனத்திடம் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தேதி, மணி, கம்பியில் வந்த எண், இவற்றை அப்படியே வாசியுங்கள். "ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று தொடங்கினால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். நியாயமான பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் போகலாம்.

வேகத்தைக் கூட்டியவர்கள், புதுத் திட்டம் ஓடத் தொடங்கிய அன்றே நான்காவது படியை மறுபடி செய்யுங்கள். புது எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 1000-க்கு மாறியவர்களுக்குக் கிகாபிட் கேபிளில் 940 வந்தால் அதுதான் உச்சம், மீதி 60-ஐத் தேடி அலைய வேண்டாம். 94 வந்தால் நிறுவனத்தை அழைக்கும் முன் அந்த அரை மீட்டர் கேபிளை மாற்றிப் பாருங்கள்.